சங்கிலியின் மறுமுனை

பதினோரு மணிக்குள் அவர் ஒரே ஒரு தடவை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும், இந்த ஒரு மாதத்துப் பயத்தையும் மூட்டை கட்டிக் கடலில் எறிந்துவிட்டு நிம்மதியாக மதுரைக்கு ரயிலேறிவிடலாம் என்று அங்கயற்கண்ணி முடிவு செய்தபோது மணி ஒன்பது பத்து, தட்டில் அரை இட்லி மிச்சமிருந்தது. எதிரே அவள் கணவர் பொங்கலில் கிடந்த மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒரே வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அப்படித்தான் வைக்கிறார். நில அளவைத் துறையில் காலம் தள்ளியவருக்கு மிளகுகூட நேர்கோட்டில் நிற்க வேண்டும். பதினோரு மணி என்ற கெடு அவளாகத் தேடிப் பிடித்ததில்லை. சற்று முன்புதான் அந்த ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்துப் பெண், சட்டையில் ரோஸ்லின் என்று பெயர் குத்தியிருந்தவள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். "சார், இன்னைக்கு முப்பதாவது கல்யாண நாளாமே, கோயம்புத்தூர்லேர்ந்து உங்க பொண்ணு போன் பண்ணிச் சொன்னாங்க. பதினோரு மணிக்குக் கேக் வெட்டலாம். ரூம் அவங்க பேர்ல இருக்கு, உங்க பேரெல்லாம் எங்ககிட்ட இல்ல. கேக் மேல எழுதணும் சார், மேடம் பேரு சொல்லுங்க." அவர் தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்குகிற நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு சிரித்தார். "நீ அவங்களையே கேளும்மா." பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். வெட்கப்படுறாரு பாரேன் என்று யாரோ சொன்னார்கள். இவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வாய்வரை வந்த தன் பெயரை மென்று விழுங்கிக்கொண்டு, "அவரே சொல்லுவாரும்மா, வெளிய போயிட்டு வந்திடறோம்," என்றாள். கெடு வைத்தாயிற்று. இனிமேல் அவருடைய வாக்கியம் ஒன்றைக்கூட அவள் முடித்து வைக்கப்போவதில்லை. ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாவது இருப்பாள்.

ரிசார்ட்டின் பின்வாசலைத் திறந்தால் மணல். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். மாமல்லபுரத்துக் கூட்டத்தையும் கடற்கரைக் கோயிலையும் நேற்றே பார்த்தாகிவிட்டது. இன்றைக்கு இந்தப் பக்கம், சாளுவன்குப்பத்தில், மண்ணுக்குள் இருந்து தோண்டியெடுத்த இடிந்த கோயில் ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டும் என்று மகள் நித்திலா பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள். ஆவணி வெயில் காலை ஒன்பதரைக்கே மண்டையைப் பிளந்தது. அவர் இரண்டடி முன்னால் நடந்தார். அவருடைய பாதம் பதிந்த இடமெல்லாம் ஒரே அளவு இடைவெளி, ஸ்கேல் வைத்து அளந்தாலும் மாறாது. இப்படி நடக்கிறவருக்கா மூளையில் கோளாறு, அபசகுனமாக நினைக்காதே கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஊரில் எந்த ஆம்பிளைதான் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்? இந்தாம்மா என்பான், ஏய் என்பான், நித்திலா அம்மா என்பான். இவரும் அப்படித்தான், வெளியே வந்தால் இந்தாம்மா, வீட்டுக்குள் மட்டும் கயலு. கயலு, துண்டு எங்க. கயலு, நியூஸ் போடு. அந்தக் கயலு கடைசியாக எப்போது காதில் விழுந்தது? அங்கேதான் ஒரு மாதமாக மனசு போய்ப் போய் முட்டிக்கொள்கிறது. கார்த்திகை தீபத்தன்று, நன்றாக நினைவிருக்கிறது, வாசலில் அகலோடு நின்றவளிடம், கயலு, காத்து அடிக்குது, கையை மறைச்சு வையி என்றார். அதற்குப் பிறகு? பொங்கலன்று? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இவளைத் தொலைத்துவிட்டுத் தேடினாரே, அப்போது? அப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். கார்த்திகையிலிருந்து ஆவணிவரை ஒன்பது மாதம் ஒரு மனுஷன் பெண்டாட்டி பெயரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியும். யாருக்கும் சந்தேகமே வராமல் ஒன்பது வருஷம்கூட முடியும். அவள் மட்டும் என்ன, ஒரு தடவையாவது அவர் பெயரைச் சொல்லியிருக்கிறாளா? கதை சொல்கிறவருக்கு அந்தத் தடை இல்லை, அவள் கணவரின் பெயர் தெய்வசிகாமணி. அவள் வாயில் அது வராது. மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஆயிரக்கணக்கான பேரின் பெயரைக் கூவியவள், ஒருநாள் சிவகங்கையிலிருந்து அவருக்கே ஒரு டிரங்க் கால் வந்தபோது, பக்கத்து சீட்டு சகாயமேரியின் தோளைத் தட்டி, "ஏய், எங்க வீட்டுக்காரருக்குடி, நீ பேரைச் சொல்லிக் கனெக்ஷன் குடு," என்றாள். எக்ஸ்சேஞ்சே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் நின்றார். கடலுக்குள் கையைக் காட்டி, "அங்க பாரு, அது போகுது... அந்த..." என்றார். தூரத்தில் ஒரு கட்டுமரம். கட்டுமரம் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் வந்து துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் இவள் முகத்தைப் பார்த்தார், ஒரு கணம் காத்திருந்தார், பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே தொடங்கியது. கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு... இந்த... வேலை..." என்று இழுத்தார். அங்கயற்கண்ணி சட்டென்று, "கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவீங்களான்னு கேக்குறீங்க. போவேன்," என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அவருடைய பெரியப்பா, பையனுக்கு வாய் கிடைச்சிருச்சுப்பா என்று தொடையில் தட்டினார். முகூர்த்தம் அங்கேயே முடிவானது. அவளுக்கு அது பழக்கம். எக்ஸ்சேஞ்சில் எதிர்முனைக்காரன் தடுமாறினால் நம்பரை அவளே ஊகித்துச் சொல்லிவிடுவாள், லைனை நிறுத்தி வைக்கக்கூடாது. இன்னொரு பழக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. நம்பர் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் திருப்பிச் சொல்ல வேண்டும், தப்பு வராமல் இருக்க. அவருடைய வேலையிலும் அதேதான். வயலில் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு செயின்மேன் வீரணன் நிற்பார், அளவைக் கூவுவார், நாப்பத்திரண்டு புள்ளி ஆறு. இவர் இந்த முனையிலிருந்து திருப்பிச் சொல்வார், நாப்பத்திரண்டு புள்ளி ஆறு. எழுதுவார். ஆச்சு என்று குரல் கொடுப்பார். ஆச்சு என்ற பிறகுதான் வீரணன் ஓரடி நகர்வார். கல்யாணமான மூன்றாம் மாதமே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. கேஸை மூடிட்டேன் என்பாள் இவள். கேஸை மூடியாச்சு என்பார் அவர். நாளைக்குப் பால் ரெண்டு பாக்கெட். நாளைக்குப் பால் ரெண்டு பாக்கெட், ஆச்சு. நித்திலா சின்ன வயசில், எங்க வீட்ல ரெண்டு கிளி வளக்குறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்த சினேகிதிகள் கூண்டைத் தேடினார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். எவ்வளவு முட்டாளாகவும் இருந்திருக்கிறாள். அவர் தடுமாறிய இடமெல்லாம் இவள் சொல்லை வைத்தாள். இவள் சொன்னதையெல்லாம் அவர் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். நடுவில் அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த சத்தம் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் இவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

கேட்டது ஆடி மாதம்தான், இவள் வாய் மூடியபோது. ஆடிக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டது. காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒரு வாரம் ஒரு சொல் பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நித்திலாவின் பழைய சிலேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். முதல் நாள் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஊரே அமைதியா இருக்குடி என்று கேலி செய்தார். இரண்டாம் நாள் அவரும் பேசவில்லை. துணைக்கு மௌனம் இருக்கிறார் போல என்று அவள் மனசு குளிர்ந்தது, என்ன பொருத்தம் பார். மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தான். "என்ன சார் ரிப்பேர்?" அவர் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். "இந்த... மேல... இது சுத்தும்ல, காத்து..." என்று விரலைச் சுழற்றினார். எலக்ட்ரீஷியன் சிரித்தான், "ஃபேனா சார்?" அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது, கும்மிருட்டில் ஸ்விட்ச் கையில் தட்டுப்பட்டவரைப் போல. "ஃபேன். ஃபேன்தான்." அடுப்படி வாசலில் சிலேட்டோடு நின்றவள், ஃபேன் என்று பாதி எழுதியதை விரலால் அழித்தாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சாவியைக் காட்டி இது என்றார். குடை, அது. சம்பந்தி வீட்டுக்காரர், அவர். சொல்லே இல்லாத மனுஷனாக வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத் தானே கூச்சப்பட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். எட்டாம் நாள் அவளுக்குக் குரல் வந்தது. பேசினாள். அவரும் பேசினார். எல்லாம் சரியாகிவிட்டது. எதுவுமே சரியாகவில்லை என்று இருவரில் ஒருத்திக்காவது தெரிந்துபோயிற்று. நித்திலாவிடம் போனில் லேசாகத் தொட்டாள். "அப்பா எப்பவுமே அப்படித்தானம்மா, நீ விட்டாத்தான அவரு பேசுவாரு?" என்று சிரித்தாள் மகள். அந்தச் சிரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள். டாக்டரிடம் போனால் ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் வைத்துவிட்டால் அது வீட்டுக்கு வந்துவிடும், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும். போகாமலே இருந்தால்? போகாமல் இருந்தால் ஒருநாள் இவர் ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டு எந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல் நிற்பார். அதனால்தான் கெடு. பெயர் வந்தால், மற்ற சொல்லெல்லாம் போனால் போகட்டும், வயசு என்று விட்டுவிடலாம். பெயர் வராவிட்டால் இன்றைக்கே மகளிடம் உடைத்துச் சொல்ல வேண்டும்.

இடிந்த கோயில் என்று வந்து பார்த்தால் கோயிலே இல்லை. கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வரிசைகள், அங்கங்கே கருங்கல் துண்டங்கள், முன்னால் கல்லில் செதுக்கி நட்ட ஒரு வேல். அவ்வளவுதான். சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்து, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "கீழ இருக்குது பாருங்க செங்கல்லு, அதுதான் பழசு. ரொம்பப் பழசு. அது போனப்புறம் அது மேலயே இன்னொண்ணு கல்லுல கட்டிக்கிறாங்க. அதையும் கடலு உட்டு வெக்கல. அப்புறம் எல்லாத்தையும் மண்ணு மூடிடுச்சி, மேல சவுக்கு வளந்துச்சி, இங்க கோயிலு இருந்ததே எங்காளுங்களுக்குத் தெரியாது. சுனாமி வந்து மண்ண வாரிக்கினு போச்சே, அப்பத்தான் பாறையில எழுத்து தெரிஞ்சுது. அத்த வெச்சித்தான் இங்க தோண்டினாங்க." மண்ணை வாரிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. அவள் குரல் போனபோது தெரிந்த மாதிரி. அவள்தான் மண்ணா? இத்தனை வருஷமாக அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டிருந்தது அவள் பேச்சுதானா? சீ, என்ன நினைப்பு இது. மூடியதால்தானே செங்கல் கொஞ்சமாவது மிஞ்சியது என்று இன்னொரு மனசு உடனே வக்கீலாக எழுந்து நின்றது. அவர் அதற்குள் வேலியோரமாக நடக்கத் தொடங்கியிருந்தார். முகம் மாறிவிட்டது, வேலை பார்க்கும்போது வருகிற முகம், கண் சுருங்கி, உதடு இறுகி. சூரியனைப் பார்த்தார், தன் நிழலைப் பார்த்தார். "இது வடக்கு பாத்த வாசல்," என்றார் காவலாளியிடம், தடுமாற்றமே இல்லாமல். "ஆமா சார், வர்றவங்க யாரும் இத்தக் கண்டுபிடிச்சதில்ல," என்றார் காவலாளி. அங்கயற்கண்ணிக்கு மார்பு விம்மியது. பார்த்தாயா, பார்த்தாயா, திசை தெரிகிறது, நிழல் தெரிகிறது, ஒன்றும் இல்லை இவருக்கு. அவர் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அடி வைத்து நடந்தார், இவளை நோக்கித் திரும்பி, "இருபத்தி மூணு," என்றார். நின்றார். இவள் திருப்பிச் சொல்வாள் என்று நிற்கிறார். இருபத்தி மூணு என்று சொல்ல வேண்டும், அவர் ஆச்சு என்பார், அடுத்த பக்கம் நடப்பார். சொல்லக்கூடாது, இன்றைக்குச் சொல்லக்கூடாது. "இருபத்தி... மூணு," என்றார் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, காது கேட்கவில்லையோ என்று. இவள் கல் வேலின் நுனியைப் பார்த்தபடி நின்றாள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு தான் நடந்து வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார், உதட்டை அசைத்தார், எண்ணிக்கை கைவிட்டுப் போனது முகத்தில் தெரிந்தது. வீரணன் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க மாட்டார். கையில் பிடித்த முனையை நடுவயலில் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். நான் செய்கிறேன், முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள், கல்யாண நாளில்.

வெளியே போகும்போது காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். "வந்தவங்க பேரு எழுதிட்டுப் போங்க சார்." அவர் பேனாவை வாங்கினார். எழுதினால்கூடப் போதும், எழுத்தில் இருந்தாலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். குண்டு குண்டாக, வரைபடத்தில் எழுதுகிற அதே கையெழுத்து. தெய்வசிகாமணி மற்றும் மனைவி, மதுரை. அவ்வளவுதான். அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகளைப் படித்தாள். முருகவேல் மற்றும் குடும்பத்தார். அன்வர் பாஷா, மனைவி, குழந்தைகள். எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், எல்லாருக்குமா வியாதி? வழக்கம் என்பது எவ்வளவு பெரிய போர்வை, அதற்கடியில் ஒருத்தன் என்ன வேண்டுமானாலும் இழந்துவிட்டுப் படுத்திருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தூங்குகிற மாதிரியே இருக்கும். மணி பத்து இருபது.

திரும்பும்போது தண்ணீர் ஓரமாகவே நடந்தார்கள். இப்போது அவள் முன்னால், அவர் பின்னால். கடற்கரையில் ஒரு குருவி இல்லை. நாலு பேர் முன்னால்தானே இந்தாம்மா, இங்கே யார் இருக்கிறார்கள், கூப்பிடுங்களேன். கயலு என்று கூப்பிட்டு எதையாவது கேளுங்களேன், தண்ணீர் பாட்டில் எங்கே என்று கேளுங்கள், வெயில் தாங்கவில்லை என்று எரிந்து விழுங்கள். அலை வந்து கணுக்காலை நனைத்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இரண்டடி வைத்தாள். முதுகுப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. இன்னும் இரண்டடி. முழங்கால். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், கண்மாயில்கூட இறங்க மாட்டார். இவள் இறங்கினால் கூப்பிடத்தானே வேண்டும்? கையை ஆட்டினால் தெரியாது, இவள் திரும்பிப் பார்க்கப்போவதில்லை, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். ஐம்பத்தாறு வயசில் இது என்ன விளையாட்டு என்று ஒரு குரல் சொன்னது, அது அவளுடைய அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. விளையாட்டு இல்லை அம்மா, எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலுக்கடியில் மணல் சரிந்துகொண்டே இருந்தது. தொடை நனைந்தது. அலையின் பின்னிழுப்பில் உடம்பு தானாக முன்னே போயிற்று. கூப்பிடுங்கள். கூப்பிடுங்களேன். "ஏ," என்றது பின்னாலிருந்து குரல். "ஏ! இந்தா!" போதாது. இன்னும் ஓரடி. அப்போதுதான் எதிரே அந்த அலை எழுந்ததைப் பார்த்தாள், இவ்வளவு நேரம் வந்தவற்றின் இனமே இல்லை அது, நின்று பார்த்துவிட்டு வருகிற மாதிரி வந்தது. திரும்பக் கால் எழவில்லை. பின்னாலிருந்து தொண்டை கிழிய அவர் கத்தினார். "வீரணா! வீரணா, நில்லு! அங்கயே நில்லு!"

அலை அவளை முகத்தில் அறைந்து உட்கார வைத்தது. வாய் நிறைய உப்பு, கண் நிறைய உப்பு. ஒரு கை மணிக்கட்டைப் பிடித்தது, இரும்பு மாதிரிப் பிடித்தது, இழுத்தது. பேன்ட் சட்டையோடு மார்புவரை நனைந்து, கண்ணாடி போன இடம் தெரியாமல், தண்ணீருக்குப் பயந்த மனுஷன் அவளைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டார். இருவரும் ஈர மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். வீரணன். கொரோனாவில் போய்ச் சேர்ந்தார், இவர்தான் படத்துக்கு முதல் மாலை போட்டார். இருபத்திரண்டு வருஷம் முள்ளுக்காட்டிலும் சேற்றிலும் இவருடைய சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். தலைபோகிற நேரத்தில் இவருக்கு வந்த பெயர் அது. கோபம் வரவேண்டும், வரவில்லை. அழுகை வந்தது, உப்புத் தண்ணீரோடு தண்ணீராக அதுவும் போயிற்று. என் பெயர் இல்லை இவரிடம். என்னைக் காப்பாற்ற ஓடிவந்தவரிடம் என் பெயர் இல்லை. கெடு முடிந்தது. "என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள், கேட்டிருக்க வேண்டாம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்," என்றார். "நீ யாருன்னு... தெரியும். எல்லாம் தெரியும். பேரு மட்டும்..." தொண்டைக் குழியில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க நிக்குது. வரமாட்டேங்குது." எவ்வளவு நாளாக என்று கேட்டாள். "அந்த... விளக்கு வச்சோம்ல, வாசல்ல. அதுக்கப்புறம்." கார்த்திகை. அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒன்பது மாதம், ஒரே வீட்டில், ஒரே எண்ணிக்கையை ஆளுக்கொரு பக்கம் எண்ணியிருக்கிறார்கள். "நீ பேசினா எனக்கும் வரும். உன் பின்னாலயே வந்திரும். நீ பேசாட்டி..." என்று நிறுத்தினார். கையை விரித்துக் காட்டினார், உள்ளங்கை காலியாக இருந்தது. "இன்னைக்குக் காலைலேருந்து நீ பேசவே இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு." அந்த ஒரு வாக்கியம் மட்டும் முழுசாக, எங்கும் தடுக்காமல் வந்தது.

தன்னை என்ன செய்துகொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து புடவையைப் பிழிந்தாள். அவரைக் கைகொடுத்து எழுப்பினாள், கண்ணாடியைத் தேடினாள், அது கிடைக்கவில்லை. பிறகு அவருக்கு எதிரே நேராக நின்று, எக்ஸ்சேஞ்சில் கரகரக்கிற லைனில் நம்பர் சொல்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துச் சொன்னாள். "அங்கயற்கண்ணி." அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கயற்கண்ணி," என்றார். முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது, ஃபேனுக்கு வந்த அதே வெளிச்சம்தான், ஆனாலும் அவளுக்கு அது போதுமாக இருந்தது. "ஆச்சு," என்றார். நடந்தார்கள். இருபது அடிக்கு ஒருமுறை அவர் அதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார், கையில் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்க்கிறவரைப் போல. ஒரு தடவை, "அங்க... அங்க..." என்று நின்றுவிட்டார். சொன்னாள். திருப்பிச் சொன்னார். "கேக் வெட்டினதும் நித்திலாவுக்குப் போன் பண்ணணும்," என்றாள். "நித்திலாவுக்குப் போன் பண்ணணும். ஆச்சு." "மதுரைக்குப் போனதும் டாக்டர்கிட்ட போகணும். ரெண்டு பேரும்." "டாக்டர்கிட்ட போகணும். ரெண்டு பேரும்," என்றார். ஆச்சு என்று சொல்லவில்லை. அவள் நின்றாள். அவர் சொல்லாமல் நகர்வதில்லை என்று நின்றாள். இரண்டு அலை வந்து போயிற்று. "ஆச்சு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. இதற்குப் பெயர் என்னவாக இருந்தாலும் வைக்கட்டும், வீட்டுக்கு வரட்டும், உட்கார்ந்து சாப்பிடட்டும். அவள் வாய் இருக்கிறவரை சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் வாயும் நின்றுபோனால்? அந்த நினைப்பை மேலே போகவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில், பகல் வெளிச்சத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை என்று நாலைந்து அடி போன பிறகு உறைத்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ரோஸ்லின் நின்றிருந்தாள். இருவரும் சொட்டச் சொட்ட வருவதைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஐயையோ, கடல்ல விளையாடினீங்களா சார்! சூப்பர் சார் நீங்க!" உள்ளே மேஜையில் வெள்ளைக் கேக், பக்கத்தில் சமையல்காரர் ஒருவர் க்ரீம் நிரப்பிய குழாயோடு தயாராக நின்றார். மணி பதினொன்றாக இரண்டு நிமிஷம் இருந்தது. "இப்பவாவது சொல்லுங்க சார், மேடம் பேரு?" அவர் அங்கயற்கண்ணியின் கையை விடவில்லை. நிமிர்ந்து நின்றார், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "அங்கயற்கண்ணி," என்றார், ஒரு எழுத்துப் பிசகாமல். சமையல்காரர் குழாயைப் பிழிந்து எழுதத் தொடங்கினார். எவ்வளவு பெரிய பேரு, கேக் பத்துமான்னு தெரியலையே என்று ரோஸ்லின் சிரித்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "மேடம், சார் பேரு?" அவரையே சொல்லச் சொல்லும்மா என்று வழக்கம்போல நாக்கு புறப்பட்டது. அதை நிறுத்தினாள். முப்பது வருஷமாக வாயில் வராத பெயர். எதிர்முனையில் லைன் திறந்திருக்கிறது, காத்துக்கொண்டிருக்கிறார்கள். "தெய்வசிகாமணி," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் அவர், யாரோ தூரத்தில் நின்று அளவு கூவியதைக் கேட்டவரைப் போல, "தெய்வசிகாமணி," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு சரியாகத்தான் சொன்னேனா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆச்சு," என்றாள் அங்கயற்கண்ணி.